‘இழ்ஹாருல் ஹக்’: ஒரு மதிப்பீடு

மார்க்க மேடைகளில் இன்றும் எடுத்தாளப்படும் நூல் ‘இழ்ஹாருல் ஹக்’. அதன் பெயரைச் சொல்வோர் பலர், படித்தோர் சிலர், அதன் வாதங்களை எடைபோட்டுப் பார்த்தோர் மிகச் சிலரே.

1854 ஏப்ரலில் ஆக்ரா நகரில் இரண்டு நாள் நடைபெற்ற விவாதமே இந்நூலுக்கு வித்து. ஒருபுறம் மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவி; அவருக்குத் துணையாக ஆங்கிலமறிந்த மருத்துவர் வஸீர் கான். மறுபுறம் ஜெர்மானியப் பாதிரியார் ஃபாண்டர். பைபிளில் சில இடங்களில் பிற்காலத்தார் கை புகுந்துள்ளதைப் பாதிரியாரே ஒப்ப நேர்ந்தது. பத்தாண்டுகளுக்குப் பின், 1864-இல், உதுமானியத் தலைநகரில் அவ்வாதங்கள் விரிந்து அரபு நூலாக உருப்பெற்றன.

கிறிஸ்தவ அறிஞர்தம் ஆய்வுகளிலிருந்தே சான்று திரட்டியது மௌலானாவின் தனிச்சிறப்பு. யோவானின் முதற்கடிதத்தில், ஐந்தாம் அதிகாரத்தில், திரித்துவத்திற்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட ஒரு வாசகம் உண்டு. பழைய கிரேக்கச் சுவடிகளில் அஃது இல்லாமையால், எராஸ்மஸ் 1516-ஆம் ஆண்டுப் பதிப்பில் அதனைச் சேர்க்கவில்லை. கண்டனம் எழுந்தபின் 1522-ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்த்தார். இக்கால மொழிபெயர்ப்புகளுட் பெரும்பாலானவை அதனை மீண்டும் மூலத்திலிருந்து விலக்கிவிட்டன.

இவ்வளவும் உண்மை. எனினும் இதிலிருந்து நம்மவர் கொள்ளும் முடிவு சரியா?

நமக்கு வேதமென்பது சொல்லுக்குச் சொல் இறங்கிய வஹீ. கிறிஸ்தவருட் பலருக்கோ இறைவெளிப்பாடு என்பது முதற்கண் ஏசுவே. நூல் அவரைப் பற்றிய சாட்சியம். நம் அளவுகோலால் அவர்தம் நூலை அளந்து, ஒரு வாசகம் இடைச்செருகல் எனக் கண்டவுடன் அவர்தம் நம்பிக்கையே சரிந்ததென ஆர்ப்பரிப்பது அறிவுடைமையாகாது. அவ்வாசகத்தை ஐயுற்ற எராஸ்மஸ் இறுதிவரை கிறிஸ்தவராகவே வாழ்ந்தார்.

இன்னொன்றும் எண்ணத்தக்கது. இட்டுக்கட்டப்பட்ட ஹதீதுகளை இனங்கண்டு ஒதுக்கிய நம் இமாம்களின் உழைப்பை நாம் பெருமையாகப் பேசுகிறோம். ‘உங்கள் அறிஞர்களே பொய் கலந்ததை ஒப்பினார்களே’ என்று ஒருவர் அதனை எள்ளினால் பொறுப்போமா? தம் நூலைத் தாமே ஆராய்ந்து குறையை ஒப்பியவரின் நேர்மைக்கும் அதே மதிப்பை அளிப்பதே நீதி.

மௌலானா எதிர்த்தரப்பின் நூல்களைத் தேடிப் படித்த பிறகே மேடையேறினார். அவர் தேடிய சான்றுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர் பட்ட பாட்டை விட்டுவிடுவோர் அவருடைய வாரிசுகள் ஆகார்.