இரைச்சல் நீக்கும் ஹெட்போன்: கீரனூர்ச் சாலையில் ஒரு மதிப்பீடு

இரைச்சல் நீக்கும் ஹெட்போன் என்பது காதை மூடிச் சத்தத்தைத் தடுப்பதோடு நில்லாமல், உள்ளே நுழையும் சத்தத்துக்கு நேர்மாறான இன்னொரு சத்தத்தைத் தானே உண்டாக்கி, இரண்டையும் மோதவிட்டு அடக்கும் கருவியாகும். இதற்கான விளம்பரங்கள் பெரும்பாலும் மூடிய விமானத்தின் உட்புறத்தையே காட்டுகின்றன. ஆனால் திண்டுக்கல் மாவட்டத்தில், பழனிக்கும் தாராபுரத்துக்கும் இடைப்பட்ட கீரனூர் போன்ற ஊரில் இருப்பவருக்கு ரயில் ஏறுவதென்றாலும் விமானம் பிடிப்பதென்றாலும் பயணம் தொடங்குவது சன்னல் திறந்த பேருந்தில்தான். அந்தப் பேருந்தில் இக்கருவி கொடுத்த விலைக்கு உழைக்கிறதா என்பதே இங்கு எடுத்துக்கொண்ட கேள்வி. பாதி உழைக்கிறது என்பதே விடை. எந்தப் பாதி என்பதை அறிய, கருவி எதற்காகப் பிறந்தது என்பதைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சத்தத்தைச் சத்தத்தால் அடக்கலாம் என்ற எண்ணத்துக்கு ஜெர்மானியரான பால் லூக் 1936-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அன்றைய மின்னணுவியல் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. 1978-இல் சூரிச்சிலிருந்து பாஸ்டனுக்குப் பறந்துகொண்டிருந்த எம்.ஐ.டி. பேராசிரியர் அமர் கோபால் போஸ், விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் இசையை மீறி எஞ்சின் இரைச்சலே கேட்டதால் சலிப்புற்று, தரையிறங்குவதற்குள் இதற்கான கணக்கைத் தாளில் போட்டு முடித்தார் என்பது ஒலித்துறையில் பலமுறை சொல்லப்பட்ட செய்தி. பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துப் போராடி, பின்னர் அமெரிக்காவில் குடியேறிய வங்காளி ஒருவரின் மகன் அவர். 1986-இல் இடையில் எரிபொருள் நிரப்பாமல் உலகைச் சுற்றிய வாயேஜர் விமானத்தின் விமானிகள் அவரது நிறுவனத்தின் மாதிரிக் கருவிகளைப் பயன்படுத்தினர். 1989-இல் விமானிகளுக்கான கருவியும், 2000-இல் பொதுமக்களுக்கான கருவியும் விற்பனைக்கு வந்தன. ஆகவே இதன் பிறப்பிலேயே ஓர் அனுமானம் பதிந்திருக்கிறது: இரைச்சல் என்பது மணிக்கணக்கில் மாறாமல் ஒலிக்கும் தாழ்ந்த உறுமல் என்பதே அது. கீரனூரிலிருந்து பழனிக்குப் போகும் பேருந்துக்கு அந்த அனுமானம் ஓரளவே பொருந்தும்.

கருவியின் வெளிப்புறத்தில் உள்ள நுண்ணிய மைக் வரும் ஒலியை முன்கூட்டியே பிடிக்கிறது; இது முன்னூட்ட முறை. கிண்ணத்துக்குள் காதருகே உள்ள மைக், அடக்கியும் எஞ்சிய ஒலியைப் பிடித்துத் திருத்தச் சொல்கிறது. இது பின்னூட்ட முறை. இரண்டும் சேர்ந்ததைக் கலப்பு முறை என்பர். இன்று நல்ல கருவிகள் எல்லாம் இவ்வகையே. மைக் பிடித்த அலைக்கு ஏற்ப, அது மேடேறும் இடத்தில் பள்ளமாகவும் பள்ளத்தில் மேடாகவும் அமைந்த எதிரலையை உள்ளிருக்கும் சில்லு கணித்து ஒலிக்கச் செய்கிறது. இங்கேதான் நேரம் என்னும் சிக்கல் வருகிறது. எதிரலை ஒரு விநாடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு தாமதித்தால், விநாடிக்கு 100 முறை அதிரும் ஒலியில், அதாவது 100 ஹெர்ட்ஸ் ஒலியில், அது ஒரு சுழற்சியின் நூறில் ஒரு பங்குதான். பிழை காதுக்குத் தெரியாது. அதே தாமதம் 3,000 ஹெர்ட்ஸ் ஒலியில் சுழற்சியின் மூன்றில் ஒரு பங்கை நெருங்கிவிடுகிறது. ஆறில் ஒரு பங்கைத் தாண்டினாலே எதிரலை ஒலியைக் குறைப்பதற்குப் பதில் கூட்டத் தொடங்கிவிடும் என்பதால், வடிவமைப்பாளர்கள் ஏறக்குறைய 1,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதிரலையை நம்பாமல், கிண்ணத்தின் பஞ்சையும் அது காதைச் சுற்றிப் பதியும் இறுக்கத்தையுமே நம்புகின்றனர்.

இந்தக் கணக்கைப் பேருந்துக்குப் பொருத்திப் பார்க்கலாம். ஆறு சிலிண்டர் கொண்ட டீசல் எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றும்போது விநாடிக்கு 75 முறை எரிபொருள் பற்றுகிறது. அந்த 75 ஹெர்ட்ஸ் உறுமலின் அலைநீளம் நாலரை மீட்டருக்கும் அதிகம். எதிரலைக்கு இதைவிடத் தோதான இரை கிடையாது. பழனி பேருந்து நிலையத்தில் புறப்படக் காத்து உறுமிக்கொண்டு நிற்கும் வண்டியில், எஞ்சினுக்குப் பக்கத்து இருக்கையில் அமர்ந்து விசையை அழுத்தினால், தொடை வழியாக ஏறும் அதிர்வு அப்படியே இருக்க, காதில் இருந்த உறுமல் மட்டும் சட்டென்று வற்றிவிடுகிறது. கண்டக்டரின் விசிலோ, 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலிப்பதால், கிண்ணத்தின் மறைப்பில் சற்று மழுங்கினாலும் தப்பி வந்துவிடுகிறது. அவர் டிக்கெட் கேட்கும் குரலும் பின் இருக்கைக்காரரின் தொலைபேசிப் பேச்சும், உறுமல் என்ற திரை விலகியதால், முன்பைவிடத் தெளிவாகவே கேட்கின்றன. கருவியை முதன்முதலில் மாட்டுபவர்கள் இதைக் கோளாறு என்று எண்ணிக் கடைக்காரரிடம் முறையிடுவதுண்டு. கோளாறு அன்று, இயல்பு.

பேருந்தின் பாட்டுப் பெட்டி இன்னொரு சோதனை. தலைக்கு மேலே பொருத்திய ஸ்பீக்கரிலிருந்து வரும் பாட்டில் தவிலும் பேஸும் பெருமளவு கரைந்துபோக, பாடகரின் குரலும் ஜால்ராவும் சதையற்ற எலும்பாக எஞ்சுகின்றன. முழுப் பாட்டைக் கேட்பதைவிட இது எரிச்சலூட்டுவது. ஏர்ஹாரனுக்கு முன்னால் கருவி தோற்றுப்போகிறது என்றே சொல்லிவிடலாம். அதன் ஒலி பல சுருதிகளில் திடீரென வெடித்து, சில்லு சுதாரிப்பதற்குள் முடிந்துவிடும். அடுக்குச் சுருதியில் ஒலிக்கும் ஹாரனை மத்திய மோட்டார் வாகன விதிகளின் 119-ஆவது விதி தடைசெய்திருக்கிறது. அவ்விதி நடைமுறைக்கு வந்தால் பயணியின் காதுக்குக் கிடைக்கும் நன்மை எந்த ஹெட்போன் தருவதைவிடவும் கூடுதலாக இருக்கும்.

இவை எல்லாவற்றையும்விட இந்தப் பகுதிக்கே உரிய எதிரி காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று ஆனி, ஆடி மாதங்களில் பாய்ந்து வருவதால்தான் உடுமலை, தாராபுரம் வட்டாரங்களில் காற்றாலைகள் நிறைந்திருக்கின்றன. அதே காற்று திறந்த சன்னல் வழியே ஹெட்போனின் வெளி மைக்கில் மோதும்போது, அங்கே சின்னஞ்சிறு சுழல்கள் உண்டாகி மைக்கின் திரையைத் தட்டுகின்றன. இது காதுக்கு வரும் ஒலி அன்று. மைக்கில் மட்டுமே பிறக்கும் போலி ஒலி. சில்லுக்கு அந்த வேறுபாடு தெரியாது. இல்லாத ஒலிக்கு எதிரலை உண்டாக்கி அதைக் காதுக்குள் அனுப்புவதால், துணிப்பையை உதறுவது போன்ற படபடப்பு கேட்கிறது. சன்னலோரம் அமர்ந்து முகத்தை வெளிப்புறம் திருப்பினால் காற்றுப் பக்கத்துக் காதில் இது தாங்க முடியாத அளவுக்குப் போகிறது. நடு இருக்கைக்கு நகர்ந்தாலோ கண்ணாடியை முக்கால் பங்கு இழுத்துவிட்டாலோ அடங்குகிறது. ஆடி மாதத்துப் புழுக்கத்தில் கண்ணாடியை மூடச் சொன்னால் பக்கத்தில் இருப்பவர் சம்மதிக்க வேண்டுமே என்பது வேறு பிரச்சினை. சில கருவிகளின் செயலியில் காற்றொலியைக் குறைக்கும் வசதி உண்டு. அது வெளி மைக்குகளின் பங்கைக் குறைத்துக்கொண்டு உள் மைக்கை நம்புவதால், படபடப்போடு நீக்கும் திறனும் குறைகிறது. வாங்கும் முன் இவ்வட்டாரத்தார் முதலில் கேட்டறிய வேண்டியது பேட்டரி நேரத்தைவிட இந்த வசதியைத்தான்.

பழனி நிலையத்தில் ரயில் ஏறியதும் நிலைமை தலைகீழாகிறது. பாலக்காட்டிலிருந்து பழனி, திண்டுக்கல் வழியாகச் சென்னை செல்லும் இரவு ரயிலின் ஏ.சி. பெட்டியில் சன்னல் திறக்காது. குளிர்சாதனக் காற்றின் இரைச்சலும் சக்கரங்களின் உருளலும் மாறாத தாழ்ந்த ஒலிகள். இங்கே கருவி தன் பிறந்த வீட்டுக்கு வந்ததுபோல் இயங்குகிறது. பாட்டே போடாமல், நீக்கும் வசதியை மட்டும் இயக்கி வைத்தாலே உடலின் களைப்பு குறைவதை உணர முடிகிறது. இரவு 10 மணிக்குப் பின் சத்தமாகப் பாட்டு வைக்கக் கூடாது என்ற ரயில்வே அறிவிப்பைப் பொருட்படுத்தாத சக பயணியின் வீடியோ ஒலி, உயர்ந்த அதிர்வெண்ணில் இருப்பதால், அரைகுறையாகவே அடங்கும். தலையைச் சுற்றி மாட்டும் பெரிய வகையோடு ஒருக்களித்துப் படுக்க முடியாது என்பது இரவுப் பயணத்தில் தெரியவரும் குறை. காதுக்குள் செருகும் சிறிய வகை அந்தத் தொல்லை தராது. அதன் ரப்பர் முனை காதுத்துளையை நன்றாக அடைத்துவிட்டால் உயர்ந்த ஒலிகளையும் கூடுதலாகத் தடுக்கிறது. ஆனால் அதன் பேட்டரி சென்னை வரை தாங்குவது சந்தேகமே. நடுவில் பெட்டிக்குள் வைத்து மின்னேற்ற வேண்டியிருக்கும்.

பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைச்சாலையில் ஒரு சிறு வேறுபாடு உண்டு. உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறைந்து காது அடைப்பது வழக்கம். நீக்கும் வசதியை இயக்கியவுடன் சிலருக்கு, சமவெளியிலேயே, காதை அழுத்துவது போன்ற உணர்வு வருகிறது. உண்மையில் அழுத்தம் எதுவும் மாறுவதில்லை, தாழ்ந்த ஒலிகள் திடீரென மறைவதை மூளை அப்படிப் புரிந்துகொள்கிறது என்பதே பொதுவாகத் தரப்படும் விளக்கம். இரண்டும் சேரும்போது தலைசுற்றும் இயல்புள்ளவர்கள் ஏற்றம் முடியும்வரை கழற்றி வைப்பது நல்லது.

காது நலம் என்ற கோணத்தில் மட்டும் இக்கருவிக்கு ஐயமின்றி மதிப்பெண் தரலாம். வாரத்துக்கு 40 மணி நேரம் வரை 80 டெசிபெல் ஒலியைக் கேட்பது பெரியவர்களுக்குப் பாதுகாப்பானது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. டெசிபெல் என்பது மடங்குக் கணக்கில் ஏறும் அளவு. மூன்று டெசிபெல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிறது, எனவே பாதுகாப்பான நேரமும் பாதியாகிறது. அதன்படி 90 டெசிபெலில் வாரத்துக்கு நாலு மணி நேரமே மிஞ்சும். சாதாரண இயர்போனோடு பேருந்தில் அமர்பவர் எஞ்சினுக்கு மேலே பாட்டு கேட்க வேண்டுமென்று ஒலியை ஏற்றிக்கொண்டே போகிறார்; எஞ்சின் உறுமல் அடங்கினால் பாதி ஒலியே போதுமானதாகிறது. தாராபுரத்துக்கோ பழனிக்கோ நாள்தோறும் பேருந்தில் போய்வரும் மாணவருக்கும் ஊழியருக்கும் இது சிறிய லாபமன்று.

விலையைப் பொறுத்தவரை உச்சத்துக்குப் போகத் தேவையில்லை. 2022-இல் வந்த சோனியின் டபிள்யூ.எச்.-1000எக்ஸ்.எம்.5 எட்டு மைக்குகள் கொண்டது, 250 கிராம் எடை, மடிக்க முடியாதது. கூட்டத்தில் தோள்பையோடு நசுங்கும் பயணத்துக்கு மடியாத உடல் ஏற்றதன்று. 2023-இல் வந்த சி.எச்.720என் ஏறத்தாழ 192 கிராம். நீக்கும் வசதியோடு 35 மணி நேரம் ஓடும் என நிறுவனம் குறிப்பிடுகிறது. விலை முன்னதில் பாதிக்கும் குறைவு. பேருந்தின் தாழ்ந்த உறுமலுக்கு இந்த இடைநிலை வகையே தாராளம். சித்திரை வெயிலில் எந்தப் பெரிய கிண்ணமும் காதைச் சுற்றி வியர்வையைத் தேக்கும். செயற்கைத் தோல் உறை அந்த ஈரத்தில் ஓரிரு ஆண்டுகளில் செதில் செதிலாக உரியத் தொடங்கும். மாற்று உறை தனியாகக் கிடைக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்வது சிக்கனம். பகல்நேர நகரப் பேருந்து மட்டுமே தன் பயணம் என்றிருப்பவருக்கு, மருந்துக்கடையில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் பஞ்சுக் காதடைப்பான் ஹாரனையும் விசிலையும் இக்கருவியைவிட நன்றாகவே தடுக்கும், பாட்டுத்தான் கிடைக்காது.

நடந்துபோகும்போது இதை மாட்டுவது முற்றிலும் வேறு விஷயம். தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் பழனியை நோக்கிச் சாலையோரமாக இரவெல்லாம் பாதயாத்திரை செல்வோரில் காதில் கருவியோடு நடப்பவர்களைக் காண முடிகிறது. பின்னால் வரும் லாரியின் எஞ்சினும் டயரும் எழுப்பும் தாழ்ந்த ஒலியைத்தான் இக்கருவி மிகத் திறமையாக அழிக்கிறது. ஹாரன் கேட்கும் என்று நம்பினால், ஓட்டுநர் அதை அடிக்கும் தருணத்தில் வண்டி மிக அருகில் வந்திருக்கும். வெளி மைக்கின் ஒலியை அப்படியே உள்ளே விடும் வெளிப்படைநிலை என்ற வசதி ஏறக்குறைய எல்லாக் கருவிகளிலும் இருக்கிறது. ஆயினும் மேற்சொன்ன காற்றில் அது படபடப்பைப் பெருக்கித் தருவதால், ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது குழம்பிப்போகிறது. சாலையில் நடக்கையில் கழற்றிப் பையில் வைப்பதைத் தவிர வேறு நிலை எதையும் பரிந்துரைக்க இயலாது.