வெண்பனியும் விளைவும்: ஒரு சீனப் பழமொழியின் பொருள்

'நல்ல வெண்பனி வளமான ஆண்டைக் காட்டும்' என்பது சீன நாட்டு உழவரிடையே நெடுங்காலமாக வழங்கும் பழமொழி. மூலத்தில் இஃது ஐந்தே எழுத்துக்களால் ஆயது. 'ருய் சுவே ஜாவ் ஃபெங் நியென்' என ஒலிப்பர். இதனைப் புள்நிமித்தம் போன்றதொரு குறிக்கூற்று என்று கொள்வாரும் உளர். அக்கருத்துப் பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

குறிக்கூற்று என்பார்க்குச் சொற்பிறப்புத் துணைநிற்கின்றது. 'ருய்' என்பது பண்டு மணிக்கல்லால் இயன்ற அடையாளப் பொருளைக் குறித்துப் பின்னர் நற்குறி எனப் பொருள் விரிந்த சொல். ஷாங் மரபினர் காலத்தில் ஆமையோட்டையும் எருதின் தோளெலும்பையும் வெம்மையூட்டி, அவற்றில் தோன்றும் வெடிப்புக்களைக் கொண்டு வருவது உணர முயன்றனர். அவ்வெடிப்பின் பெயரே 'ஜாவ்'.

எனினும், சொல் பிறந்த இடத்தைக் கொண்டே பழமொழியின் பொருளைத் துணிதல் கூடாது. அது வழங்கும் நிலத்தையும் நோக்குதல் வேண்டும். வடசீனத்தில் கோதுமையை இலையுதிர் காலத்தில் விதைத்து, அடுத்த ஆண்டுக் கோடையின் தொடக்கத்தில் அறுப்பர். ஆண்டு மழையின் பெரும்பகுதி கோடையிலேயே பெய்துவிடும். குளிர்காலமும் இளவேனிலும் வறண்டவை. வெண்பனி தன்னுள் காற்றை அடக்கியிருத்தலின் வெப்பத்தை எளிதிற் கடத்தாது. இளம்பயிரைக் கடுங்குளிரினின்று காக்கும். இளவேனிலில் உருகி நிலத்திற்கு நீரூட்டும். குளிர்காலத்தில் கோதுமை மூன்று போர்வை போர்த்தால், மறு ஆண்டில் ஆவியில் வெந்த அப்பத்தையே தலையணையாக்கி உறங்கலாம் என்னும் கருத்துடைய மற்றொரு பழமொழியும் அந்நாட்டில் உண்டு. போர்வை என்ற உருவகத்தால் பனியின் தொழிலே கூறப்பட்டது. ஆகவே, இப்பழமொழி காரணங்கண்டு காரியத்தை உய்த்துணரும் பட்டறிவே ஆகும்.

இம்மெய்ம்மைக்கும் ஓர் எல்லை உண்டு. தாங் மரபின் இறுதிக் காலத்துப் புலவர் லுவோ யின் (833–910), 'பனி' என்னும் இருபதெழுத்துப் பாடலில், யாவரும் புகழும் இந்நற்குறியை எடுத்துக்கொண்டு, தலைநகர் சாங்கானில் வாழும் வறியோரை நினைவூட்டி, இத்தகைய நன்மை மிகுதல் வேண்டா என முடிக்கின்றார். அவர் உழவரின் அறிவை மறுத்தாரல்லர். விளைவு யாருக்கு என வினவினார். வளம் கோடையில் வரும்; குளிரோ இன்றே வாட்டும். கோதுமைக்குப் போர்வையாகும் பனி, போர்வையற்ற ஏழைக்கு அவ்வாறு ஆவதில்லை. பழமொழி சொல்லாது விட்ட இப்பகுதியை உடன்வைத்துக் கற்றாலன்றி அதன் பொருள் நிரம்பாது.

இதனைத் தமிழாக்குவோர்க்கு ஒரு சொல். நம் இலக்கியத்தில் 'பனி' என்பது பெரும்பாலும் முன்பனி, பின்பனிப் பருவங்களின் குளிரையும் இலைநுனியில் நிற்கும் துளியையும் நினைப்பிக்கும். வாளா 'பனி' எனப் பெயர்த்தால் மூன்று போர்வையின் தடிப்பு நமக்குப் புலனாகாது. 'உறைபனி' என்றாலோ, பயிரைக் கருக்குவதன் பெயராய்ப் பொருள் தலைகீழாகும். 'வெண்பனி' என்பதே ஏற்புடைத்து. பிறநாட்டுப் பழமொழியை ஆராய்வார், அதன் சொல்லோடு நிலத்தையும் பயிரையும், அதனைக் கேட்டுக் குளிரில் நடுங்கினாரையும் ஒருங்கு நோக்குதல் கடன்.