வெண்கலத்தில் நின்ற 110-ஆவது நிமிஷம்

விளையாட்டு வீரனுக்குச் சிலை செய்யப் புறப்படுகிற சிற்பிகள் எல்லாரும் கோப்பையை ஏந்திய கரங்களையோ பந்தை நோக்கி வீசிய காலையோ தேர்ந்தெடுப்பதே வழக்கமாக இருக்க, அல்ஜீரியாவில் 1971-இல் பிறந்து பிரான்ஸில் குடியேறிய அதேல் அப்தெஸ்மெத் மட்டும், பிரான்ஸ் கால்பந்து அணித் தலைவர் ஜினடின் ஜிடேனின் ரசிகர்கள் மறந்துவிட விரும்பும் க்ஷணத்தைப் பிடித்து, ஐந்து மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் வெண்கலமாக வார்த்து, 2012-இல் பாரிஸ் பொம்பிடு மையத்தின் வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

அந்த க்ஷணத்துக்கு முந்திய ஆட்டத்தை நிதானமாகப் பார்த்தாலன்றிச் சிலையின் தாத்பரியம் விளங்காது. 2006 ஜூலை 9 அன்று பெர்லினில் நடந்த உலகக்கோப்பை இறுதி ஆட்டத்தில், இத்தாலியின் மார்கோ மாட்டெராஸி செய்த ஃபவுலால் கிடைத்த பெனால்டியை, 7-ஆவது நிமிஷத்தில், கோல்கீப்பர் புஃபோன் ஒரு பக்கம் பாய்ந்துவிடுவார் என்ற அலாதியான தைரியத்தோடு ஜிடேன் மெல்லத் தூக்கிவிட, பந்து குறுக்குக் கம்பத்தில் மோதிக் கோட்டுக்குள் விழுந்து வெளியே துள்ளியது. 19-ஆவது நிமிஷத்தில் பிர்லோ அடித்த கார்னரைத் தலையால் முட்டி ஆட்டத்தைச் சமன் செய்தவரும் அதே மாட்டெராஸிதான். கூடுதல் நேரத்தில், 104-ஆவது நிமிஷத்தில், சாஞ்ஞோல் வலப்புறத்திலிருந்து அனுப்பிய பந்தை ஜிடேன் தலையால் முட்டினார். புஃபோன் அதை எட்டிக் கம்பத்துக்கு மேலே தட்டிவிட்டார். 1998 இறுதி ஆட்டத்தில் பிரேசிலின் வலைக்குள் இரு கார்னர்களை இறக்கிய அந்தச் சிரசு, இந்த முயற்சி வீணான ஆறு நிமிஷங்களுக்கெல்லாம், சட்டையைப் பிடித்திழுத்து ஏதோ சொன்ன மாட்டெராஸியின் மார்பில் போய் இடித்தது.

சிலையை ஆட்டக்காரனின் கண்ணால் பார்க்கவேண்டும். பந்தைத் தலையால் அடிப்பவனுக்குக் கழுத்து விறைக்கவேண்டும், உந்துதல் இடுப்பிலிருந்து கிளம்பவேண்டும், பாதம் தரையை நன்றாக ஊன்றவேண்டும். வெண்கல ஜிடேனிடம் இந்த இலக்கணம் ஒன்றுகூடப் பிசகவில்லை. பந்து மாத்திரம் இல்லை. எதிரே மாட்டெராஸி வாய் திறந்தபடி பின்னுக்குச் சாய்கிறார். நடுவர் இல்லை, சிவப்பு அட்டை இல்லை, காரணமாயிருந்த அந்தச் சொற்களும் இல்லை. கீழே நிற்கும் பார்வையாளனோ முழங்காலுக்குச் சற்று மேலே எட்டுகிற உயரத்தில், யாரைக் குற்றம் சொல்வதென்று தெரியாமல் அண்ணாந்து பார்க்கிறான்.

பொம்பிடு மையத்தின் கண்காட்சியை அமைத்த பிலிப்-அலேன் மிஷோ, இது தோல்வியைப் பாடும் சிலை என்ற பொருள்படக் கூறினார். எனக்கு அதில் சம்மதமில்லை. அந்த நிமிஷத்தில் ஆட்டம் 1-1. தோல்வி இன்னும் யாருக்கும் வந்து சேரவில்லை. மகா வீரனுக்கு ஒருநாள் நேர்ந்த புத்திமாறாட்டம் என்பதும் சரியாகாது. 1998-இல் சவூதி அரேபிய வீரரை மிதித்து வெளியேற்றப்பட்டவரும், 2000-இல் யுவென்டஸுக்கு ஆடுகையில் ஹாம்பர்க் வீரர் ஒருவரைத் தலையால் இடித்தவரும் இவரேதான். மகோன்னதமான நிதானமும் திடீரென்று மூளும் கோபமும் ஒரே தேகத்தில் குடியிருந்தன. ஒன்றை விலக்கி மற்றொன்றை மட்டும் பூஜிப்பவர்களுக்கு இந்தச் சிற்பி இடம் கொடுக்கவில்லை.

ஹிம்சை அப்தெஸ்மெத்துக்குப் புதிய விஷயமுமல்ல. 1994-இல் அல்ஜியர்ஸ் நுண்கலைக் கல்லூரியின் தலைவர் கொலையுண்டபின் தாய்நாட்டை விட்டு வந்தவர். கூரிய முள்கம்பியால் சிலுவைக் கிறிஸ்துவை முடைந்தவர், எரிந்த கார்களைச் சுட்ட மண்ணில் வடித்தவர். அவற்றிலெல்லாம் அடிபட்ட உடல்தான் மிஞ்சி நிற்கும். அடிப்பவனையும் அடிபடுபவனையும் ஒரே பீடத்தில் ஏற்றிய துணிவினாலேயே இந்தச் சிருஷ்டியை நான் மற்றவற்றுக்கு மேலாக மதிக்கிறேன். கத்தார் இதை வாங்கி 2013 அக்டோபரில் தோஹா கடற்கரைச் சாலையில் ஸ்தாபித்தது; விக்கிரக வழிபாடு என்றும் வன்முறைக்குத் தூண்டுதல் என்றும் கண்டனம் எழவே, சில வாரங்களில் அகற்றியது. 2022 உலகக்கோப்பை நெருங்கியபோது அங்குள்ள விளையாட்டு அருங்காட்சியகத்தில் இடம் தருவதாக அறிவித்தது.

இத்தனை சொல்லியும் சிற்பியின்மீது எனக்கு ஒரு குறை உண்டு. அர்ஜென்டினா நடுவர் எலிஸோன்டோ, நான்காம் நடுவர் சொல்லக்கேட்டுச் சிவப்பு அட்டை காட்ட, தம் கடைசி ஆட்டத்தில் ஜிடேன் கோப்பையைக் கடந்து உள்ளே போய்விட்டார். பெனால்டி உதைகளில் அவருடைய சகா ட்ரெஸெகேவின் பந்தும் குறுக்குக் கம்பத்தில்தான் பட்டது. அது உள்ளே விழவில்லை. இத்தாலி 5-3 என வென்றது. பெனால்டியைக் கொடுத்தவர், சமன் செய்தவர், எதிரணியின் தலைவரை வெளியேறச் செய்தவர், இறுதியில் தம் உதையையும் தவறாமல் கோலாக்கியவர் மாட்டெராஸி ஒருவரே. அந்த ராத்திரியின் ஆட்டத்தை அதிகமாக நிர்ணயித்தவர் அவர். சிலையிலோ அவருக்குக் கிடைத்திருப்பது விழுகிறவனின் வேஷம் மாத்திரம்.