நெட்சிலிக் படங்கள்: ஒரு பாடநெறியின் நிறையும் குறையும்

வேற்று நாட்டு மக்களைப் பற்றிய பள்ளிப் பாடம் பெரும்பாலும் உடை, உணவு, திருவிழா என்று மூன்று பக்கத்தில் முடிந்துவிடும். உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960களில் அமெரிக்காவில் முன்னின்று உருவாக்கிய ‘மனிதன்: ஒரு பாடநெறி’ அந்தச் சுலப வழியை மறுத்தது. மனிதரிடம் மனிதத்தன்மை எது, அது எப்படி வந்தது, அதை இன்னும் எப்படி வளர்க்கலாம் என்ற கேள்விகளைப் பத்து வயதுப் பிள்ளைகளிடம் துணிந்து கேட்டது. சால்மன் மீன், கடற்பறவை, பபூன் குரங்கு என்று தொடங்கி, கனடாவின் ஆர்க்டிக் பகுதி நெட்சிலிக் மக்களிடம் வந்து நின்றது. ஒப்பீடுதான் நோக்கம். ஆனாலும் குரங்குக்கு அடுத்து ஒரு மக்கள் கூட்டம் என்ற வரிசை பிள்ளை மனத்தில் ஏணியாகப் பதிந்துவிடும். அதைப் புரூனர் எடைபோட்டிருக்க வேண்டும்.

பாடத்தின் உயிர், மானிடவியலாளர் அசென் பாலிக்சி 1963 முதல் 1965 வரை நெட்சிலிக் மக்கள் வாழும் பெல்லி விரிகுடாவில் எடுத்த படங்கள். விளக்கவுரை கிடையாது, மொழிபெயர்ப்பும் கிடையாது. ஆண்கள் குளிர்ந்த நீரில் இறங்கிக் கல் அடுக்கி அணை கட்டுகிறார்கள். உள்ளே சிக்கிய மீனை முக்கவர் ஈட்டியால் குத்தி எடுக்கிறார்கள். ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்பதை மாணவரே பார்த்துப் பார்த்து ஊகிக்க வேண்டும். கற்பித்தல் முறையில் இதற்கு இணையாகச் சொல்ல எனக்கு வேறொன்று தோன்றவில்லை.

குறையும் அந்த மௌனத்திலேயே இருக்கிறது. படமெடுத்த காலத்தில் நெட்சிலிக் மக்களிடம் துப்பாக்கி வந்துவிட்டது. கிறித்தவ மிஷனும் வந்துவிட்டது. 1923இல் ஆய்வுப்பயணி குனுட் ராஸ்முசன் கண்ட வாழ்க்கையை ஒட்டி, பழைய நாட்களை அவர்கள் பாலிக்சிக்காக மீண்டும் வாழ்ந்து காட்டினார்கள். ஆவணமாக அது பெரும் செல்வம். வகுப்பறையிலோ, ஆசிரியர் எடுத்துச் சொன்னால் ஒழிய, நேற்றைய வாழ்க்கையை இன்றையதென்றே பிள்ளை நம்பும்.

1975இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் உறுப்பினர் ஜான் கான்லன் இந்தப் பாடத்தைத் தாக்கியது வேறு காரணத்துக்காக. பாடத்தில் வரும் முதியோரைக் கைவிடுதல், சிசுக்கொலை போன்றவை பிள்ளைகள் காதில் விழலாகாது என்றார். அரசின் நிதியுதவியும் பிறகு நின்றது. அந்தக் குற்றச்சாட்டை என்னால் ஏற்க முடியாது. பஞ்சத்தில் ஒரு மக்கள் எடுக்க நேர்ந்த கொடிய முடிவுகளை மறைப்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

முறையளவில் இது முதல்தரப் படைப்பு. உயிரோடிருக்கும் ஒரு மக்களைப் பற்றிய பாடமாகப் பார்த்தால் பாதிதான் தேறும். ஈட்டி பிடித்துக் காட்டிய அதே மனிதர் துப்பாக்கியோடு வேட்டைக்குப் போவதையும் பாடத்தின் நடுவிலேயே வைத்திருந்தால், மாறியது எது, மாறாதது எது என்று பிள்ளைகளே கேட்டிருப்பார்கள். அப்படிக் கேட்க வைப்பதற்காகவே எழுந்த பாடநெறி இது.