நாலு பாடத்தில் பாஸானால் பிரீமியம் கம்மி!

அமெரிக்காவில் 'சேஃப்வே' என்று ஒரு சூப்பர் மார்க்கெட் கம்பெனி. 2009 ஜூனில் அதன் தலைவர் ஸ்டீவன் பர்ட், 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். நாலு வருஷத்தில் மற்ற கம்பெனிகளின் மருத்துவச் செலவு 38 சதவிகிதம் எகிறிவிட்டது, எங்களுக்கு மட்டும் ஏறவே இல்லை என்பது அதன் சாரம்.

என்ன மந்திரம்? புகையிலை, எடை, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால். இந்த நாலு பாடத்திலும் பாஸானால் ஊழியருக்கு இன்ஷூரன்ஸ் பிரீமியம் கம்மி. ஃபெயிலானால் கூடுதலாகக் கட்ட வேண்டும். அவ்வளவுதான்!

அமெரிக்காவே சொக்கிப் போனது. ஒபாமா டாக்டர்கள் சங்கத்துக் கூட்டத்திலேயே சேஃப்வேயை உதாரணம் காட்டினார். 2010-ல் வந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில், உடம்பை வைத்துக் கொடுக்கும் இந்த மாதிரி சலுகைக்கான வரம்பு 20 சதவிகிதத்திலிருந்து 30 ஆக உயர்ந்தது. அதற்குச் 'சேஃப்வே திருத்தம்' என்றே பெயர் வைத்தார்கள்.

சட்டம் வருவதற்குச் சில மாதம் முன்பே, 'வாஷிங்டன் போஸ்ட்' நிருபர் ஒருவர் ஒரு சின்ன வேலை செய்திருந்தார். தேதிகளைச் சரிபார்த்தார்.

சேஃப்வேயின் செலவு குறைந்தது உண்மை. ஆனால் குறைந்தது 2006-ல், 12.5 சதவிகிதம். அது கம்பெனி தன் இன்ஷூரன்ஸ் திட்டத்தையே திருத்தி எழுதிய வருஷம். நாலு பாடப் பரீட்சையைப் பிரீமியத்தோடு முடிச்சுப் போட்டதோ 2009-ல்தான். அதுவும் யூனியனில் இல்லாத ஊழியர்களுக்கு மட்டும். நடுவில் செலவு மறுபடி ஏற ஆரம்பித்து, 2009-க்கு 8.5 சதவிகிதம் கூடும் என்று கம்பெனியே கணக்குப் போட்டு வைத்திருந்தது.

இந்த வருஷம் போட்ட விளம்பரத்தால் மூணு வருஷத்துக்கு முன்னால் லாபம் வந்தது என்று யாராவது எழுதிக் கொண்டுபோனால், ஆடிட்டர் சும்மா விடுவாரா? இங்கே நாடாளுமன்றமே கையெழுத்துப் போட்டது!

காமர்ஸ் படித்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மிச்சம் என்று யார் சொன்னாலும், அது யார் பாக்கெட்டிலிருந்து வந்தது என்று பார்ப்பான். ரத்த அழுத்தம் இருக்கிற கேஷியர் கூடுதல் பிரீமியம் கட்டினால் கம்பெனியின் செலவு குறையும்தான். அவருடைய ரத்த அழுத்தம் குறையாது. முன்னதற்குப் பெயர் செலவை இடம் மாற்றுவது. அதை ஆரோக்கியம் என்று பில் போடுவதுதான் எனக்கு உறுத்துகிறது.

சரி, பணத்தை விடுங்கள். உடம்பாவது தேறுகிறதா? 'பிஜேஸ் ஹோல்சேல் கிளப்' என்ற இன்னொரு அமெரிக்கக் கடைக் கம்பெனியில் இதை முறையாகவே சோதித்தார்கள். 160 கிளைகள், 32,974 ஊழியர்கள். குலுக்கல் முறையில் 20 கிளைகளில் மட்டும் சாப்பாடு, உடற்பயிற்சி, மன அழுத்தம் என்று வகுப்பெடுத்தார்கள். ஒன்றரை வருஷம் கழித்துப் பார்த்தால், 'நான் எக்ஸர்சைஸ் செய்கிறேன்' என்று சொன்னவர்கள் அதிகமாகியிருந்தார்கள். கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம், மருத்துவச் செலவு, லீவு? குறிப்பிடும்படி எந்த வித்தியாசமும் இல்லை. 2019-ல் வெளியான ஆய்வு இது. இல்லினாய் பல்கலைக்கழகம் தன் ஊழியர்களிடமே செய்த இன்னொரு சோதனை, ஒரு ரகசியத்தையும் உடைத்தது. இந்தத் திட்டங்களில் ஆசையாகச் சேருகிறவர்கள், ஏற்கெனவே மருத்துவச் செலவு குறைவாக உள்ளவர்கள்!

ஏதோ அமெரிக்கக் கதை என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நம் ஊர் ஆபீஸ்களிலும் 'தினம் பத்தாயிரம் அடி' போட்டி வந்தாயிற்று. டீம் பேர், டீ-ஷர்ட், ஜெயிப்பவருக்கு கிஃப்ட் கூப்பன்... மொபைலைக் குழந்தையின் இடுப்பில் கட்டி ஓடவிடுகிற கில்லாடிகளும் இருக்கிறார்கள். நடப்பது நல்லதுதான், நடங்கள். ஆனால் குரூப் பாலிசியில் இந்த வருஷம் க்ளெய்ம் கூடினால், ரெனியூவலில் பிரீமியம் கூடும். கம்பெனி அதை எப்படிச் சமாளிக்கும்? ரூம் வாடகைக்கு வரம்பு வரும். கோ-பே வரும், அதாவது ஆஸ்பத்திரி பில்லில் ஒரு பங்கு உங்கள் தலையில். பல இடங்களில் முதல் அடி விழுவது அப்பா அம்மாவுக்கான கவரேஜில்தான். எழுபது வயது அம்மாவின் முழங்கால் ஆபரேஷனுக்கு, நீங்கள் நடந்த பத்தாயிரம் அடியைக் கவுன்டரில் காட்ட முடியுமா?

அப்படியென்றால் கம்பெனி எதுவுமே செய்யக்கூடாதா? செய்யலாம். சிப்ஸும் கோலாவும் விற்கிற பெப்சிகோவிலிருந்தே உதாரணம் தருகிறேன், சிரிக்காதீர்கள். அதன் ஏழு வருஷக் கணக்கை 'ராண்ட்' ஆய்வு நிறுவனம் அலசி 2014-ல் வெளியிட்டது. பழக்கத்தை மாற்றும் பகுதியில் போட்ட ஒரு டாலருக்குத் திரும்பி வந்தது அரை டாலர்கூட இல்லை. ஏற்கெனவே சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களைக் கவனிக்கும் பகுதியிலோ ஒரு டாலருக்கு 3.78 டாலர் மிச்சம். அவர்கள் ஆஸ்பத்திரியில் சேருவதும் 29 சதவிகிதம் குறைந்தது. அங்கே போட்டியும் இல்லை, அபராதமும் இல்லை. நோயாளிக்கு ஒரு நர்ஸ் அவ்வப்போது போன் செய்து, மருந்து எப்படிப் போகிறது என்று விசாரிப்பார்.