பேட்மேன்: மெஷின் எங்கே?

ஆர். பால்கி இயக்கிய 'பேட்மேன்' (2018) படத்தைப் போன வாரம் இரண்டாவது முறையாகப் பார்த்தேன். முதல் தடவை தியேட்டரில் பார்த்தப்போ கண் கலங்கியது நிஜம். இந்தத் தடவை கையில் நோட்டோடு உட்கார்ந்தேன். ஒரு மனுஷன் ஒரு பிரச்சினையை எப்படித் தீர்க்கிறான் என்று படம் எங்கே சொல்கிறது, எங்கே தாவி ஓடிவிடுகிறது என்று குறித்துக்கொள்ளத்தான்.

தாவல் முதல் காட்சியிலேயே ஆரம்பிக்கிறது. கோயம்புத்தூர்க்காரரான அருணாச்சலம் முருகானந்தத்தின் கதை, நர்மதைக் கரையில் மகேஷ்வரில் நடக்கிறது. இந்திப் படத்துக்கு இந்தி ஊர், அதில் குற்றமில்லை. ஆனால் படித்துறையும் கோயிலும் கொடுக்கிற அழகுக்காக என்ன கைவிட்டுப்போச்சு என்று பாருங்கள். கோவை என்பது மோட்டார் பம்பும் வெட் கிரைண்டரும் பஞ்சாலையும் உள்ள ஊர். தெருவுக்கு ஒரு லேத், ஒரு ஃபவுண்டரி. முருகானந்தம் பதினாலு வயதில் பள்ளியை விட்டு வெல்டிங் பட்டறைக்கு வந்தவர். "இதை நாமே செஞ்சு பார்த்தா என்ன?" என்ற கேள்வி அந்த ஊரில் அதிசயம் இல்லை, அன்றாடப் பேச்சு. படத்தில் அது லட்சுமிகாந்த் என்ற தனி ஆளின் விசித்திர குணமாக ஆகிவிடுகிறது.

அடுத்தது பஞ்சு விஷயம். பருத்திப் பஞ்சு ஈரத்தை உறிஞ்சும். அழுத்தம் வந்தால் வெளியே விட்டுவிடும். கம்பெனி நாப்கினில் இருப்பது மரக்கூழிலிருந்து வரும் செல்லுலோஸ் இழை. இதைக் கண்டுபிடிக்க முருகானந்தத்துக்கு இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. அமெரிக்கக் கம்பெனிகளுக்கு போன் போட்டு, தான் ஒரு மில் முதலாளி என்று சொல்லி, மாதிரி வரவழைத்துப் பார்த்தால் கெட்டி அட்டை! படத்திலோ பேராசிரியர் வீட்டுப் பையன் இணையத்தில் தேடிச் சொல்லிவிடுகிறான். இரண்டு வருடத் தவிப்பு சில நிமிடங்களில் முடிகிறது. சினிமாவுக்குச் சுருக்கம் வேண்டும்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கதையின் எலும்பையே சுருக்கலாமா?

எனக்கு ரொம்ப வருத்தம் தந்தது ஆட்டு ரத்தக் காட்சி. கால்பந்து பிளாடரில் ரத்தம் நிரப்பி இடுப்பில் கட்டிக்கொண்டு சைக்கிள் மிதிப்பது. படத்தில் அது மனைவி மேல் உள்ள அன்பும் பிடிவாதமும் கலந்த உச்சமாக வருகிறது. அக்‌ஷய் குமார் நன்றாகவே செய்திருக்கிறார், அதில் சந்தேகமில்லை. ஆனால் நிஜத்தில் அதற்கு முன்னால் நடந்ததுதான் எனக்குப் பெரிய விஷயம். மருத்துவக் கல்லூரி மாணவிகளிடம் நாப்கினைக் கொடுத்து, கருத்துப் படிவமும் கொடுத்தார். திரும்ப வாங்கப் போனால், மூன்று பேர் உட்கார்ந்து எல்லோருடைய படிவத்தையும் அவர்களே நிரப்பிக்கொண்டிருந்தார்கள்! தரவு பொய் என்று தெரிந்த அந்த நொடியில்தான் தன் உடம்பையே சோதனைக்கூடமாக்கும் முடிவு வருகிறது. ஆராய்ச்சி செய்கிற எவருக்கும் வயிற்றைக் கலக்கும் இடம் இது. பைத்தியக்காரத்தனம் இல்லை, வேறு வழியில்லாத தர்க்கம்.

மெஷின் பற்றியும் இதே குறைதான். வெளிநாட்டு இயந்திரம் கோடிக்கணக்கில். இவர் அதைச் சின்னதாக நகல் எடுக்கவில்லை; வேலையை நான்காகப் பிரித்தார். அட்டையைப் பஞ்சாக உதிர்ப்பது (கிட்டத்தட்ட நம்ம வீட்டு மிக்ஸி வேலை), அச்சில் அழுத்துவது, உறை போட்டு ஒட்டுவது, புற ஊதா ஒளியில் கிருமி நீக்குவது. நடுவில் தானியங்கி இல்லை, பெண்களின் கைகள். அதனால்தான் கையால் இயக்கும் மாடல் சுமார் 75,000 ரூபாய்க்கு வந்தது. விலையைக் குறைத்த அதே யோசனைதான் வேலைவாய்ப்பையும் உண்டாக்கியது. பெரிய கம்பெனிகளுக்கு விற்காமல் மகளிர் குழுக்களுக்கு அவர் கொடுத்ததை இதிலிருந்து பிரிக்க முடியாது. படம் பிரிக்கிறது. மெஷின் லட்சுமிக்கு, விற்பனை மூளை சோனம் கபூர் நடித்த பரீ என்ற கற்பனைப் பெண்ணுக்கு. போதாக்குறைக்கு ஒரு காதலும்.

2006-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் கிடைத்த பரிசு படத்தில் டெல்லிக்குப் போய், அமிதாப் பச்சன் வந்து பேசுகிறார். அதை விடுங்கள்.

நியாயமாக ஒன்று சொல்லணும். மருந்துக்கடையில் பொட்டலத்தைப் பேப்பரில் சுற்றிக் கொடுக்கும் கூச்சத்தை, ஒரு பெரிய ஹீரோவை வைத்துக் குடும்பத்தோடு பார்க்கும்படி எடுத்தது லேசான காரியமில்லை. அமித் விர்மானியின் 'மென்ஸ்ட்ருவல் மேன்' ஆவணப்படம் 2013-லேயே வந்துவிட்டது. எத்தனை வீட்டு ஹாலுக்குள் அது நுழைந்தது?

கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் மாமாவுக்கு 'பேட்மேன்' போட்டுக் காட்டினேன். இந்தி புரியாது, இருந்தாலும் கடைசிவரை பார்த்தார். முடிந்ததும் ஒரே கேள்விதான் கேட்டார்: "ஏன் மாப்ள, அந்தப் பிரஸ்ஸுக்கு டை யாரு போட்டுக் குடுத்தாங்க? அதச் சொல்லவே இல்லியே?"