ஒட்டுப்போர்வையும் நிறத் தேர்வும்

கலை என்றவுடன் கோயிற் சிற்பத்தையும் அரண்மனை ஓவியத்தையும் சுட்டிக்காட்டும் நம் அறிஞர், பழந்துணிகளை இணைத்துப் பெண்மக்கள் தைக்கும் ஒட்டுப்போர்வையைச் சிக்கனம் என்னும் ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுகின்றனர். கந்தையைக் கசக்கிக் கட்டச் சொன்ன நாட்டில், அதனைக் கண்திறந்து பார்க்கச் சொல்வார் இலர். அப்போர்வையில் சிக்கனம் உண்டு. அதனினும் மேலாகத் தேர்வு உண்டு என்பதே நம் கருத்து. தேர்வு உள்ள இடத்தில் திறனாய்வுக்கும் இடமுண்டு.

நிறம் தனித்து நின்று பேசுவதில்லை. ஒரு மஞ்சள் துண்டு கருநீலத்தின் அருகே விளக்குப்போல் ஒளிரும். அதே துண்டு வெண்மையின் அருகே வெளிறித் தோன்றும். எனவே சிவப்பா பச்சையா என்பதைக் காட்டிலும், இருளா ஒளியா என்பதே போர்வையின் தோற்றத்தை முதலில் வகுக்கின்றது. துணியும் அவ்வாறே. பருத்தி ஒளியை அடக்கிக் கொள்ளும். பட்டும் செயற்கையிழையும் அதனைத் திருப்பி வீசும். ஆதலால் பளபளப்பான துண்டொன்று, சிறியதாயினும், பருத்திகளின் நடுவே முன்வந்து நிற்கும். சிறுபூ அச்சிட்ட துணி தொலைவில் ஒரே நிறமாகக் கலந்துவிடும். பெருங்கோடிட்ட துணியோ தன்னை எளிதில் மறைத்துக்கொள்ளாது.

கருநாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி மக்கள், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தோரின் வழியினர். அம்மகளிர் தைக்கும் 'கவந்தி'யைக் காண்க. பழம்புடவையைப் பரப்பி, மூலையிலிருந்து தொடங்கித் துண்டுகளை வைத்துச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைத்துச் செல்வர். பலவகைத் துணிகள் சிதறித் தோன்றாதிருப்பதற்குக் காரணம், பரப்பு முழுதும் வரிசையாக ஓடும் தையலே. நான்கு மூலைகளிலும் வண்ணத்துணியை மடித்துப் 'பூ' வைத்தாலன்றிப் போர்வை முற்றுப்பெறாது என்பது அவர்கள் கொள்கை. குளிரை நீக்க அப்பூ எதற்கு? அழகை அறிந்த கையன்றோ அதனை வைத்தது!

மற்றொரு வழியை நம் ஜொகூருக்கு அண்மையிலேயே காணலாம். 1942 இல் சிங்கப்பூரின் சாங்கிச் சிறையில் ஜப்பானியரால் அடைக்கப்பட்ட பெண்கள், கனடா நாட்டு எத்தல் மல்வானி அம்மையாரின் முயற்சியால் மூன்று போர்வைகள் தைத்தனர். காயமுற்ற பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, ஜப்பானியப் போர்வீரர்க்கென அவை அமைந்தன. ஒவ்வொன்றிலும் 66 வெண்பருத்திச் சதுரங்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொருத்தியின் பூவேலை. கைத்திறன் வேறு, கருத்து வேறு. ஆயினும் சதுரங்களின் ஓரங்களைச் சிவப்பு நூலால் தைத்தமையால் அவையனைத்தும் ஓருடலாயின. அச்சிவப்பை நீக்கி வெண்ணூலை எண்ணிப் பாருங்கள்: 66 கைக்குட்டைகளே எஞ்சும். கவந்தியைத் தையல் ஒன்றாக்குகின்றது. சாங்கிப் போர்வையை நிறம் ஒன்றாக்குகின்றது.

சாங்கிப் பெண்கள் தம் பெயர்களையும் அச்சதுரங்களில் தைத்தனர். அதனாலன்றோ, அவர்களுட் பலரை இன்று பெயர்சொல்லி அறிகின்றோம்! கவந்திக்கோ பெரும்பாலும் இனப்பெயரே கிட்டுகின்றது. காஹாங் போன்ற தோட்டப்புறங்களில் நம் அன்னையர் பழம்புடவைகளை அடுக்கித் தைத்த விரிப்புகளுக்கு அதுவும் இல்லை. சாதியின் பெயரைத் தன் பெயரோடு சுமந்து திரியும் சமூகம், உழைத்த கையின் பெயரைத் துணியோரத்தில் எழுத ஏன் கூசவேண்டும்? இனி ஒட்டுப்போர்வையைக் காண்போர், விலையைக் கேட்குமுன் தைத்தவளின் பெயரைக் கேட்பாராக.